தூங்காத கால்கள்

ஜூலை 29, திங்கள்

டாக்டரம்மா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். பொள்ளாச்சிக்குப் புதிதாக வந்திருக்கும் தோல் டாக்டர், பெயர் நஸ்ரின். பதினோரு வருடமாக என் மேலிருக்கும் சொரியாசிஸை அவருக்கு முன் நாலு பேர் பார்த்துவிட்டார்கள். ஒருவரும் நோட்டு வாங்கச் சொன்னதில்லை.

முழங்கை, முழங்கால், தலை, இரண்டு உள்ளங்கை. ஒவ்வோர் இடமாகக் கையுறை போடாமலே தொட்டுப் பார்த்தார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"ஸ்கூல் வேன் ஓட்டறனுங்க."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "நல்லாத் தூங்கறீங்களா?"

"தூங்கறனுங்க."

"அரிப்பு எப்பக் கூடுது, எப்பக் குறையுது, எத்தனை மணி நேரம் தூங்கினீங்க, எல்லாத்தையும் எழுதுங்க. ஆறு வாரம் கழிச்சு நோட்டோட வாங்க, நான் படிக்கறேன்."

தூக்கம்: ஆறு மணி நேரம்.

ஜூலை 30

நாலரைக்கு எழுந்தேன். தண்ணீர் பிடித்து, சட்னி அரைத்து, அவருக்கு இட்லி எடுத்து வைத்தேன். என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து காற்றாலையில் இரவுக் காவல். நான் வேனை எடுக்கப் போகும்போதுதான் அவர் வீடு திரும்புவார். ஆடிக் காற்று. வாசல் கூட்டினால் பத்து நிமிஷத்தில் மறுபடியும் மண். தோலுக்கு இந்தக் காற்று ஆகாது. உள்ளங்கை வெடித்து இரண்டு இடத்தில் ரத்தம்.

ஸ்டியரிங் பிடிக்க வெள்ளைக் காட்டன் கையுறை போட்டுக்கொள்கிறேன். வெயிலுக்கு என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். மொத்தம் பதினாலு பிள்ளைகள். நாலு ஊரில் ஏற்றி, வாய்க்கால் மேட்டு ரோட்டில் மூன்று கிலோமீட்டர் போய், உடுமலையில் பள்ளிக்கூடத்தில் இறக்க வேண்டும். பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற ஆயா மேரியக்கா. எட்டு வருடமாக நாங்கள் இருவரும்தான் இந்த வண்டியில். எட்டு வருடத்தில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

தூக்கம்: ஆறு மணி நேரம்.

ஆகஸ்ட் 1

நோட்டில் ஒரே எண்ணை எழுதிக்கொண்டிருந்தால் டாக்டரம்மா நம்ப மாட்டார். நேற்று நாலு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். நோட்டைக் கொடுக்கும்போது இந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொள்ளலாம்.

கால் சங்கதியை அவரிடம் சொல்லவில்லை. தோலுக்கு மருந்து தருபவரிடம் காலைப் பற்றி என்ன சொல்வது? வலி என்றால் வலி என்று சொல்லிவிடலாம். இது வலி இல்லை. படுத்து உடம்பு சற்றுத் தளர்ந்ததும் முழங்காலுக்குக் கீழே, எலும்புக்கு உள்ளே, சோடாவைக் குலுக்கித் திறந்ததுபோல ஒன்று பொங்கும். காலை ஆட்டினால் நிற்கும். ஆட்டுவதை நிறுத்தினால் பொங்கும். எழுந்து நடந்தால்தான் விடும். இரண்டு வருடமாக இருக்கிறது, மாசத்துக்கு நாலைந்து நாள் வரும். இப்போது தினமும் வருகிறது. அது விட்டால் அரிப்பு. அரிப்பு அடங்கினால் மறுபடி இது. இரண்டும் பேசி வைத்துக்கொண்டு முறை மாற்றுகிற மாதிரி இருக்கிறது.

வாசலுக்கும் துவைக்கிற கல்லுக்கும் இருபத்திரண்டு தப்படி.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அவருக்கு விடுமுறை. பக்கத்தில் படுத்தவர் பாதியில் எழுந்து உட்கார்ந்தார்.

"ஏம்புள்ள, கால வெச்சுட்டுச் சும்மாருக்க மாட்டியா? எட்டி எட்டி ஒதைக்கற."

"கனவுங்க" என்றேன். பாயை எடுத்துக்கொண்டு சமையலறையில் போய்ப் படுத்தேன்.

ஆகஸ்ட் 6

உள்ளங்கைக்குப் பஞ்சு வாங்க மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பழனிவேல் கையைப் பார்த்துவிட்டு, "அக்கா, அரிப்புக்கு இதப் போடுங்க, ராத்திரிக்கு ஒண்ணு. நல்லாத் தூக்கமும் வரும்" என்று ஓர் அட்டை மஞ்சள் மாத்திரை கொடுத்தார். டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததில் இது இல்லை. அரிப்பு மாத்திரைதானே.

ஆகஸ்ட் 7

தூங்கினேன்! ஒன்பதரைக்குப் போட்டேன், பத்துக்குள் கண் சொக்கிவிட்டது. அரிப்பு பாதிதான். ஒரு மணிக்குக் கால் எழுப்பிவிட்டது, அது வேறு. காலையில் வாய் உலர்ந்து, தலைக்குள் ஈரத்துணி வைத்ததுபோல இருந்தது. டீ குடித்ததும் சரியாகிவிட்டது.

ஆகஸ்ட் 12

மாத்திரை போட்டால் அரிப்பு குறைகிறது. ஆனால் கால் முன்னைவிட மோசம். முன்பு முழங்காலுக்குக் கீழேதான், இப்போது தொடை வரைக்கும் ஏறுகிறது. பழனிவேலிடம் கேட்டேன். "அப்ப ரெண்டாப் போடுங்கக்கா, அசந்து தூங்கிருவீங்க" என்றார். ஒரு விதத்தில் சரிதான். காலுக்குத் தெரியாமல் நான் தூங்கிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 19, திங்கள்

வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். கரை தொட்டு ஓடுகிறது. பிள்ளைகளெல்லாம் ஜன்னல் பக்கம் வந்து ஓவென்று கத்தினார்கள். எட்டு வருடமாக நானும் அவர்களோடு சேர்ந்து கத்தியிருக்கிறேன். இன்று கத்தவில்லை. அந்த ரோட்டுக்குத் தடுப்புச்சுவர் கிடையாது. ஒரு பக்கம் தென்னந்தோப்பு. மறுபக்கம் ஒரு முழம் புல், அப்புறம் தண்ணீர்.

என் சீட்டுக்குப் பின்னால் உட்காரும் யூகேஜி பிள்ளை மிருதுளா கேட்டாள்: "ஆண்ட்டி, இது எவ்ளோ ஆழம்?"

"உன்னாட்டம் மூணு பேரு ஒருத்தர் மேல ஒருத்தர் நின்னா எவ்ளோ ஒசரம், அவ்ளோ."

"வேன் உள்ள போயிருமா?"

"பேசாம உக்காரு சாமி" என்றார் மேரியக்கா.

ஆகஸ்ட் 22

சாயங்காலம் வரும்போது திடீரென்று பிரேக் போட வேண்டியதாகிவிட்டது. நாய் ஒன்று குறுக்கே வந்தது. பிள்ளைகள் முன்னால் சாய்ந்து, பை விழுந்து, டிபன் பாக்ஸ் உருண்டு, ஒரே கூச்சல். யாருக்கும் அடியில்லை.

"நாயா? நான் பாக்கலியே" என்றார் மேரியக்கா.

"தோப்புக்குள்ள ஓடிருச்சுங்கக்கா."

பழுப்பு நாய். வால் வெள்ளை.

ஆகஸ்ட் 23

மேரியக்கா எப்போதும் பின் சீட்டில்தான் உட்காருவார். இன்று எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கேட்டதற்கு, பின்னால் குலுங்குகிறது, இடுப்பு வலிக்கிறது என்றார்.

ஆகஸ்ட் 27

காலையில் மிருதுளாவை ஏற்றிவிட வந்த அவள் அம்மா கிருத்திகா, என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். வயிற்றில் ஐந்து மாதம். 

"அக்கா, தப்பா நெனைச்சுக்காதீங்க. பாப்பா யூனிபார்ம்ல வெள்ளையா செதில் செதிலா ஒட்டியிருக்கு. உங்க சீட்டுக்குப் பின்னாடிதான உக்காந்திருக்கா... இது ஒட்டுங்களா?"

"ஒட்டாதுங்க. இது தொத்து நோயில்லைங்க, உடம்புக்குள்ளயே வாரது. டாக்டர் சீட்டு வேணும்னாலும் காட்டறனுங்க."

"இல்லக்கா, வேண்டாம். நான் இந்த மாதிரி இருக்கேன் பாருங்க, அதான் பயமா இருக்கு."

மிருதுளாவை மூன்றாவது வரிசைக்கு மாற்றச் சொல்லிவிட்டுப் போனாள். மாற்றினோம். அந்தப் பிள்ளை அழுதாள். சாயங்காலம் டெட்டால் போட்டு வேனின் எல்லா சீட்டையும் துடைத்தேன். துடைக்கத் துடைக்கக் கையிலிருந்து செதில் உதிர்ந்துகொண்டே இருந்தது.

இதற்குத்தான் பயப்படுகிறாள். பயப்பட வேண்டியது இதற்கில்லை.

ஆகஸ்ட் 29

சில வழிகள் கண்டுபிடித்திருக்கிறேன். கிராம்பைக் கடைவாயில் வைத்து மெல்ல வேண்டும். ஜன்னலை முழுக்கத் திறந்து வைக்க வேண்டும். வாய்க்கால் ரோடு வந்ததும் வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டு வருவார்கள். பிடரியில் அரிக்கிற இடத்தை நகத்தால் கிள்ளிக்கொண்டால் பத்து நிமிஷத்துக்கு விழிப்பு இருக்கும். நேற்று கிள்ளியதில் ரத்தம் வந்து காலரில் பட்டுவிட்டது.

வேன் ஓட்டும்போது கால் தொந்தரவு தருவதில்லை. கிளட்ச், பிரேக் என்று வேலை இருப்பதால் சும்மா இருந்துவிடுகிறது. ராத்திரி ஓடிய கால் பகலில் ஓய்வெடுக்கிறது. ராத்திரி தூங்காத கண் பகலில்...

ஆகஸ்ட் 30

மாத்திரை மூன்று.

செப்டம்பர் 3

வாய்க்கால் ரோட்டில் ஐந்து மதகுகள். ஒவ்வொன்றிலும் இரும்புச் சக்கரம் வைத்த சின்னக் கட்டடம், மஞ்சள் பெயிண்டில் எண். இன்று காலை இரண்டாம் மதகைப் பார்த்தேன். அடுத்து நான் பார்த்தது நாலாம் மதகு.

மூன்று எங்கே போனது?

இரண்டுக்கும் நாலுக்கும் நடுவே ஒரு வளைவு இருக்கிறது. அந்த வளைவில் நான் திரும்பியிருக்கிறேன். கை திருப்பியிருக்கிறது. பிள்ளைகள் பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள், பதினேழு ஏழு வரை காதில் இருக்கிறது. அப்புறம் பதினெட்டாம் வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தது.

மேரியக்காவைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து இட்லிக்கு ஊறப் போட்டேன். அரிசியை மூன்று தரம் கழுவினேனா நாலு தரமா என்று தெரியவில்லை.

செப்டம்பர் 5

காலையில் எதிரே டிராக்டர் வந்தது. ஒதுங்கும்போது இடது சக்கரம் மண்ணில் இறங்கிவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. மிருதுளாவுக்கு உதட்டில் சின்னக் காயம். சாயங்காலம் வழக்கம்போல எல்லாரையும் கொண்டு விட்டேன்.

தூக்கம்: ஐந்து மணி நேரம்.

செப்டம்பர் 6, வெள்ளி

நேற்று எழுதியது பொய். டாக்டரம்மா, இதுவரை நீங்கள் படித்ததில் தூக்கத்துக்கு நேரே இருக்கிற எண்கள் அத்தனையும் பொய். ஆறு மணி நேரம் நான் தூங்கி ஒரு வருடமாவது இருக்கும். இரண்டு மணி நேரம். நல்ல நாளில் மூன்று. பழுப்பு நாயும் பொய். வெள்ளை வாலும்.

இன்று விடியற்காலையில் மேரியக்கா வீட்டுக்கு வந்தார். அந்த நேரத்துக்கு அவர் வந்ததே இல்லை. நான் துவைக்கிற கல் பக்கம் நின்று காலை உதறிக்கொண்டிருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே வந்தார்.

"தெய்வான, நேத்து டிராக்டரு நாம நின்னதுக்கு அப்பறந்தான் வந்துச்சு. அவந்தான் இழுத்துவுட்டான். அதுக்கு முன்னால ரோட்டுல ஒரு ஈ காக்கா கெடையாது."

காலை உதறுவதை நிறுத்தினேன்.

"உன்ற கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. ஆனா நீ இல்ல. தெய்வான தெய்வானன்னு ரெண்டு தரம் கூப்புட்டேன், உனக்குக் கேட்டுச்சா?"

"இல்லீங்கக்கா."

"நாந்தான் ஸ்டியரிங்கப் புடிச்சு இழுத்தேன். அது தெரியுமா?"

தெரியாது. சத்தியமாகத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மூன்றாம் மதகு தெரிந்தது. அப்பாடா, இன்று மூன்றைப் பார்த்துவிட்டோம் என்று நினைத்தேன். அடுத்த நொடி கண்ணாடி முழுக்கத் தண்ணீர். வாய்க்கால் வேலைக்காகக் கொட்டி வைத்திருந்த ஜல்லிக் குவியலில் முன் சக்கரம் ஏறி நின்றிருந்தது. பின்னால் பிள்ளைகள் கத்தவில்லை. அதுதான் இன்னும் காதில் இருக்கிறது. பதினாலு பிள்ளைகளும் ஒரு சத்தம் போடவில்லை. அப்புறம் மிருதுளா உதட்டிலிருந்து வந்த ரத்தத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆண்ட்டி, பால் பல்லு ஆடுது" என்றாள்.

இறங்கிப் பார்த்தேன். ஜல்லிக்கும் தண்ணீருக்கும் இடையே நான் படுக்கிற அளவு இடம்கூட இல்லை.

அதற்குப் பிறகும் சாயங்காலம் அதே ரோட்டில் அதே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்தேன். 

மேரியக்கா துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு வாரமா நான் பிள்ளைகளப் பாக்கல, உன்னையத்தான் பாத்துட்டு வாரேன். நீ வண்டிய வுட்டா என்ற வேலையும் போயிருமோன்னு வாய மூடிட்டு இருந்துட்டேன். இந்தப் பாவத்துல எனக்கும் பாதி இருக்கு கண்ணு. இன்னிக்கு நீ வண்டியெடுத்தா நான் ஏற மாட்டேன். பிள்ளைகளையும் ஏத்த மாட்டேன்."

அப்போது வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தார். நாங்கள் இருவரும் அழுவதைப் பார்த்துச் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கால், மாத்திரை, மதகு. 

"என்றகிட்டயாச்சும் சொல்லீருக்கலாமில்ல புள்ள."

"சொன்னா ஓட்ட வேண்டாம்பீங்க."

"ஆமா, வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்."

பள்ளிக்கூடத்துக்கு மூவரும் போனோம். வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ஈஸ்வரன் சாரிடம் சாவியைக் கொடுத்தேன். கேட்டுவிட்டு அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஒரு மாசம் லீவு போடுங்க. மாத்து டிரைவர் போட்டுக்கறேன். பேரன்ட்ஸ் யாராவது கேட்டா டயரு பஞ்சர்னு சொல்லிக்கலாம். விட்டுருங்க."

நல்ல மனுஷர். எனக்காகத்தான் சொன்னார். சரி சார் என்று வாய் வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"டயரு இல்லீங்க சார். நான் தூங்கிட்டனுங்க."

மிருதுளாவை ஸ்கூட்டரில் கொண்டு வந்த கிருத்திகா வாசலில் நின்றிருந்தாள். பிள்ளையின் உதடு வீங்கியிருந்தது. அவளிடமும் போய்ச் சொன்னேன்.

"தூக்கம் வருதுன்னு தெரிஞ்சேவா ஓட்டுனீங்க?"

"ஆமாங்க."

"தெரிஞ்சே."

"ஆமாங்க."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைச் சுற்றி, என் நிழல்கூடப் படாமல் உள்ளே போனாள்.

செப்டம்பர் 9, திங்கள்

ஆறாம் தேதிப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பஸ்ஸில் போகும்போது இரண்டு தரம் நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் நோட்டை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா முதல் வரியிலிருந்து படித்தார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் அவசரப்படவில்லை. ஆகஸ்ட் 12ஐ இரண்டு தரம் படித்தார். ஆறாம் தேதிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படித்தார். போலீசைக் கூப்பிடுவார் என்றுகூட நினைத்தேன்.

"அந்த மஞ்சள் மாத்திரை இருக்கா?"

கொடுத்தேன். பேரைப் பார்த்துவிட்டு மேஜை இழுப்பறைக்குள் போட்டார்.

"அரிப்பு தூக்கத்தக் கெடுக்கும். தூக்கம் கெட்டா தோல் இன்னும் மோசமாகும். இது எல்லாருக்கும் தெரியும். நாள்பட்ட தோல் நோய் இருக்கறவங்கள்ல நிறையப் பேருக்கு இந்தக் கால் தொந்தரவும் சேர்ந்து இருக்கு. அத நாங்க கேக்கறதில்ல, அவங்களும் சொல்றதில்ல. ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்னு இதுக்குப் பேரே இருக்கு."

பேர் இருக்கிறது என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்குப் பைத்தியம் பிடிக்கப் போகிறது என்று நான் நினைத்திருந்ததை இந்த நோட்டில்கூட எழுதவில்லை.

"இந்த மாத்திரை அரிப்ப அமுக்கும். ஆனா கால் தொந்தரவு இருக்கற சிலருக்கு அதக் கூட்டிவிட்டுரும். கால் கூடுச்சேன்னு நீங்க இன்னொண்ணு போட்டீங்க, இன்னும் கூடுச்சு. காலையில வண்டி எடுக்கறப்பவும் அதோட மயக்கம் ஒடம்புல இருந்திருக்கும்."

"நான் கெணறுன்னு தெரியாம எறங்கிட்டனுங்க."

"நீங்க மட்டும் இல்ல. டிரைவர்னு சொன்ன அன்னிக்கே நான் இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்கணும். தூங்கறேன்னீங்க, விட்டுட்டேன்." பேனாவை மூடித் திறந்தார். "நான் சொல்ற வரைக்கும் வண்டிய தொடக்கூடாது. ஸ்கூட்டர்கூட."

தோலுக்கு மருந்து மாற்றினார். ரத்தம் எடுத்தார்கள்.

செப்டம்பர் 12

பரிசோதனை முடிவு வந்தது. ரத்த அளவு சரியாகத்தான் இருக்கிறதாம். ஆனால் உடம்பு சேர்த்து வைக்கிற இரும்புச்சத்து காலி. ஃபெரிட்டின் என்று ஒன்று; இருக்க வேண்டியதில் கால்வாசிகூட இல்லை. மாதவிலக்கு எப்படி என்று டாக்டரம்மா கேட்டார். மூன்று வருடமாக அதிகம்தான், யாரிடம் சொல்வது என்றேன். இரும்பு மாத்திரை கொடுத்து, டீயோடு போடக்கூடாது என்றார். பலன் தெரிய வாரக்கணக்காகும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

தூக்கம்: இரண்டு மணி நேரம். இது நிஜம்.

செப்டம்பர் 20

மஞ்சள் மாத்திரையை நிறுத்திப் பதினோரு நாள். அரிப்பு கூடியிருக்கிறது, கால் தொடையிலிருந்து கீழே இறங்கியிருக்கிறது. காலையில் வேன் சத்தம் கேட்டால் உள்ளே போய்விடுகிறேன். புது டிரைவர் ஹாரனை நீட்டி அடிக்கிறார். மேரியக்கா ஜன்னல் வழியாகக் கையாட்டுகிறார் என்று வீட்டுக்காரர் சொன்னார். நான் பார்க்கவில்லை.

பகலில் பயம் வருகிறது. கேஸ் அடுப்பை மூடினேனா என்று போய்ப் போய்ப் பார்க்கிறேன். முன்பு பயப்பட நேரமிருக்கவில்லை. இப்போது உட்கார்ந்தால் அந்த ஜல்லிக் குவியல் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் என்று ஆரம்பித்துவிடும். மதகுக்குள் தண்ணீர் போகிற இடத்தில் கம்பி வலை இருக்கிறது. அந்த வலையை நினைக்கிறேன். அதற்கு மேல் எழுத முடியவில்லை.

செப்டம்பர் 30

நேற்றிரவு கால் வரவில்லை. வரும் வரும் என்று காத்துக்கொண்டே இருந்தேன். அந்தக் காத்திருப்பில் தூக்கம் போய்விட்டது. வீட்டுக்காரரிடம் சொன்னேன், சிரித்துவிட்டார். அப்புறம் நானும்.

அக்டோபர் 6, ஞாயிறு

ஐந்து மணி நேரம். கையில் வெடிப்பு மூடிவிட்டது.

மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து போன். கிருத்திகா. பள்ளியில் புகார் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து நின்றுகொண்டே பேசினேன்.

"அக்கா, உங்களுக்குக் கால்ல ஏதோ பிரச்சினைன்னு மேரியம்மா சொன்னாங்க. அது எப்படி இருக்கும்?"

சொன்னேன். சோடா பொங்குவதைச் சொன்னேன். 

"எனக்குப் பத்து நாளா அப்படித்தான் இருக்குக்கா. ஏழாம் மாசம். எங்க வீட்டுல சொன்னா கர்ப்பமா இருந்தா அப்படித்தாங்கறாங்க. விடிய விடிய ஹால்ல நடக்கறேன். அப்பறம் காலையில பாப்பாவ முன்னாடி நிக்க வெச்சுட்டு ஸ்கூட்டர் ஓட்டறேன். வெள்ளிக்கெழம சிக்னல்ல..." நிறுத்திவிட்டாள். "மருந்துக் கடையில ஏதாச்சும் வாங்கிப் போடட்டுமா?"

"வேண்டாங்க!" என் சத்தம் எனக்கே கேட்டது. "மாத்தரை எதும் போடாதீங்க. உங்க டாக்டரம்மாகிட்ட இப்பவே போன் போட்டு இதே மாதிரி சொல்லுங்க. ரத்தத்துல இரும்பு பாக்கோணும்னு கேளுங்க. ஸ்கூட்டரத் தொடாதீங்க."

"சரிக்கா."

வைக்கவில்லை. 

"அன்னிக்கு நீங்க எங்கிட்டச் சொல்லாமயே போயிருக்கலாம்" என்றாள்.

என்ன அர்த்தத்தில் சொன்னாள் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 14, திங்கள்

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சான்றிதழோடு போனேன். ஈஸ்வரன் சார் முதல் வாரம் பிள்ளைகளில்லாமல் ஓட்டச் சொன்னார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். வாய்க்கால் ரோட்டில் இரண்டாம் கியருக்கு மேல் போகவில்லை. ஐந்து மதகையும் பார்த்தேன். தண்ணீர் இன்னும் ஓடுகிறது. இறங்கியபோது ஜாக்கெட் முதுகு முழுக்க நனைந்திருந்தது.

அக்டோபர் 21, திங்கள்

பிள்ளைகள். பதின்மூன்று பேர் என்றுதான் நினைத்துப் போனேன். நாலாவது ஊரில் கிருத்திகா நின்றிருந்தாள், வயிறு பெரிதாகியிருந்தது. மாத்திரை கொடுத்திருக்கிறார்களாம், பரவாயில்லையாம். பிள்ளையைத் தூக்கி மேரியக்கா கையில் கொடுத்தாள்.  வேன் திரும்பும் வரை அங்கேயே நின்றாள்.

மிருதுளா வாயைத் திறந்து காட்டினாள். பால் பல் விழுந்திருந்தது.

நேற்று ஆறு மணி நேரம் தூங்கியிருந்தேன். இருந்தும் அந்த மூன்று கிலோமீட்டரில் ஒவ்வொரு மதகின் எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

இரவு கால் வந்துவிட்டது. மூன்று வாரத்துக்குப் பிறகு. ஏன் என்று தெரியவில்லை. மாதவிலக்கு நேரம், அதனாலோ என்னவோ. நான்கரைக்கு அலாரம் அடித்தபோது விழித்துத்தான் இருந்தேன். கணக்குப் பார்த்தால் இரண்டரை மணி நேரம்.

குளித்தேன். டீ குடித்தேன். முகம் தெளிவாகத்தான் இருந்தது. நேற்றுத்தான் வேலைக்குத் திரும்பியிருக்கிறேன். இன்று ஒரு நாள்தானே, ஜாக்கிரதையாக ஓட்டிவிடலாம் என்று உள்ளே ஒன்று சொன்னது. நல்ல குரல். பழகிய குரல். ஆகஸ்டு முழுக்க அதுதான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னது. கையுறையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போய்விட்டேன்.

அங்கே நின்று ஈஸ்வரன் சாருக்குப் போன் போட்டேன்.

"சார், தெய்வானைங்க. இன்னிக்கு நான் வண்டி எடுக்கலீங்க."

"என்னங்க, என்னாச்சு? ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்பு நல்லாத்தானிருக்குதுங்க. ராத்திரி தூங்கலீங்க."

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. "நேத்துதான வந்தீங்க. இந்நேரத்துக்கு நான் டிரைவருக்கு எங்க போறது? பிள்ளைக அரை மணி நேரம் லேட்டாப் போனா பிரின்சிபால்கிட்ட நாந்தான் பதில் சொல்லோணும். ஒரு நாளு சமாளிக்க முடியாதுங்களா?"

"முடியாதுங்க சார்."

 வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். "சரி, பாக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர் பார்த்துவிட்டு எனக்கும் சேர்த்து இட்லி எடுத்து வைத்தார். சாப்பிட முடியவில்லை. ஏழேமுக்கால். எட்டேகால். எட்டரைக்கு வாய்க்கால் ரோட்டில் இருப்பார்கள். யார் ஓட்டுகிறார்கள், அவர் தூங்கினாரா என்று எனக்குத் தெரியாது. இப்படியே ஒவ்வொரு நாளும் இந்த ஊர்களில் எத்தனை தாய்மார் வாசலில் நின்று கையாட்டிவிட்டு உள்ளே போயிருப்பார்கள் என்று நினைத்தபடி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது மணி பத்து நிமிஷத்துக்கு மேரியக்கா கூப்பிட்டார்.

"தெய்வான, வந்து சேந்தாச்சு. ஈஸ்வரன் சாரே ஓட்டிட்டு வந்தாரு. ஆமையாட்டம் வந்தாரு, பிள்ளைகெல்லாம் ஒரே சிரிப்பு."

"பதினாலு பேருங்களா?"

"பதினாலு பேருந்தான்."

"எண்ணுனீங்களாக்கா?"

"எண்ணித்தான் எறக்குனேன், போயிப் படு கண்ணு."